தெய்வானை பூக் கேட்டாள்

ஜனவரி 20, செவ்வாய்

இன்று தெய்வானை பாடினாள். மிக்சி ஓடும்போது.

நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தேங்காய்ச் சட்னிக்கு மிக்சி ஓடியது. அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ இழுவையாகக் கேட்டது. மோட்டார் புகையப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து போய் எட்டிப் பார்த்தால் இவள். ஒரு கையால் மூடியை அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருக்கிறாள். சட்னி எப்போதோ மையாக அரைந்துவிட்டது. பாட்டு முடியாததால் மிக்சியை நிறுத்தவில்லை. நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஐப்பசியில் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்ததிலிருந்து அவள் பாடி நான் கேட்கவில்லை. பேச்சு வந்துவிட்டது. குரல்தான் ஒரு படி இறங்கிவிட்டது. மேலே ஏற்றினால் கிழிகிறது. பழகப் பழக ஓரளவு வரும், பழைய மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது என்றார் கோயமுத்தூர் டாக்டர். ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் நிழல் இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

சாயங்காலம் நவநீதன் வந்தான். பகலில் காங்கேயத்தில் தேங்காய்ப்பருப்பு காயப்போடும் களத்தில் வேலை. பொழுது சாய்ந்தால் ஆசிரியர். வள்ளி கும்மி சொல்லித் தருகிறான். எங்கள் பக்கத்தில் இப்போது யாரைப் பார்த்தாலும் கும்மிதான். காலேஜ் பெண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், தறிக்காரர்கள், பேங்க்காரர்கள் என்று எல்லோரும் வட்டமாக நின்று கைகொட்டி அடிவைத்து, முருகன் வள்ளியைக் கட்டிய கதையை ஆடுகிறார்கள். ஆசிரியர் மைக்கில் பாடுவார், மற்றவர்கள் ஆடுவார்கள்.

தெய்வானை இரண்டு வருடமாக அந்த வட்டத்தில் இருக்கிறாள். போன வருடம் சும்மா இருக்காமல் வள்ளி பேசுவது போலத் தானே ஒரு பகுதியை எழுதி நவநீதனிடம் கொடுத்திருந்தாள். பெயர் தெய்வானை, பரிந்து பேசுவது வள்ளிக்கு. ஊரே அதைச் சொல்லிக் கேலி செய்தது.

"அக்கா, பங்குனி உத்தரத்துக்கு மலையடிவாரத்துல அரங்கேற்றம் வெச்சிருக்கறமுங்க. அந்தப் பாட்டு மட்டும் நீங்களே மைக்கில பாடோணும்" என்றான் நவநீதன். "நான் பாடுனா ஆம்பள பாடற மாதிரியே இருக்குதுங்."

"நீ ஆம்பளதானப்பா."

"அதானுங்க்கா பிரச்சனையே."

அவள் சிரித்தாள். "பாக்கலாங் தம்பி" என்றாள். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் அதைக் கழுவிக் கழுவிக் கழுவிக்கொண்டிருந்தாள். நவநீதன் என்னிடம் திரும்பி, "ஏனுங்ண்ணா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்" என்றான்.

"தொண்டை அவளுது" என்றேன். நியாயமான பதில்தான்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. ஆனால் ரிட்டயர் ஆனவனுக்கு என்ன விடுமுறை. கொடியில் அவரைக்காய் பறித்துக் கொடுத்தேன். பாதி பூச்சி.

அந்தப் பாட்டைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தினைக்காட்டில் காவல் இருந்த வள்ளியிடம் முருகன் கிழவன் வேடத்தில் வந்து தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித் தின்கிறான். அப்புறம் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைக்கிறான். வள்ளி பயந்துபோய்க் கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். கல்யாணம். எல்லாப் பாட்டிலும் அவனுடைய சாமர்த்தியத்தைத்தான் கொண்டாடுவார்கள். வள்ளிக்கு அது எப்படி இருந்தது என்று யாராவது அவளைக் கேட்டார்களா என்பதுதான் தெய்வானையின் கேள்வி. அவள் எழுதியது இப்படிப் போகும்:

கிழவன் பாவம்னு தேனும் தினைமாவும்
கிண்ணத்தில் அள்ளிக் குடுத்தேன் சாமி – நீ
கேட்டிருந்தா நானே கூடவந்திருப்பேன்
ஆனையைக் கூப்பிட்டதேன் சாமி?

எட்டாவது வரைக்கும் படித்தவள். "இதெல்லாம் எங்கிருந்துடி வருது?" என்று அப்போது கேட்டேன். "சின்ன வெங்காயம் உரிக்கறப்ப வருதுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள். முதல்முறை சமையலறையில் நின்று முழுதாகப் பாடிக் காட்டியபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கொஞ்சம் வேகமாப் போகுது" என்று வந்துவிட்டது. அவளும் "ஆமாங்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். அவள் முருகன் மலைக்கு, நான் வீட்டில். புளித்த மாவில் தோசை சுட்டேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பயிற்சிக்குப் போய்வந்தாள். முகமே சரியில்லை. நான் கேட்கவில்லை; அவளாகவே அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆனையைக் கூப்பிட்டதேன்கற எடத்துல போய்க் கிழிஞ்சு போச்சுங்க. எல்லாருங் கைகொட்டறத நிறுத்திப்போட்டாங்க. ருக்மணி வந்து, 'உடு தெய்வான, ஒடம்புதான் முக்கியம், வேற ஆராச்சும் பாடட்டும்'னா. நல்ல மனசோடதான் சொன்னா."

ருக்மணி பக்கத்து வீடு. நல்ல மனசுதான். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

"எனக்கு ஒண்ணும் ரேடியோவுல வரோணும், டிவியில வரோணும்னு ஆசையில்லீங்க" என்றாள். "என்ற பாட்ட என்ற தொண்டையில ஒருக்கா. ஒரே ஒருக்கா, அந்த முருகன் மலையடியில. அம்பத்தொம்பது வயசுல இது பேராசைங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சுக்குத் தண்ணி போடட்டுமா?" என்றேன். போட்டும் கொடுத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

"ஏனுங்க, செவ்வாக்கெழம பூக் கேக்கலாம்னு இருக்கறேன். பொட்டலம் நீங்க மடிச்சுத் தாங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு தெரியாவிட்டால் சாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்க வேண்டும். சாமி காலடியில் வைத்து மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். யாராவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். கிணறு வெட்ட, பெண் எடுக்க, வழக்குப் போட, எல்லாவற்றுக்கும் இது உண்டு. கேட்கப்போகிற கேள்வியை முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது.

"என்னையா மடிக்கச் சொல்ற? உங்க சாமிக்கும் எனக்குந்தான் பேச்சுவார்த்தையே இல்லையே" என்றேன். குழந்தைவேலு என்று பெயர் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழையாதவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

"அதுக்குத்தானுங்க. நம்பறவங்க மடிச்சா கை ஒரு பக்கம் சாயும். உங்களுக்கு எது வந்தாலும் ஒண்ணுதான?"

தவிர, பொட்டலம் மடிப்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கழிச்சல் மருந்து, புழு மருந்து, செரிமானப் பொடி என்று காலமெல்லாம் காகிதத்தில் மடித்துக் கொடுத்த கை. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

எது வந்தாலும் ஒன்றுதானா என்று கேட்டவளிடம், மடிக்கக் காகிதம் எது என்று கேட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டேன்.

யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிட வேண்டியதுதான். காலையில் அவள் குளிக்கப் போனபோது இரண்டு பூவும் மேசைமேல் இருந்தன. செவ்வரளியைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் எனக்கு அந்த டம்ளர் கழுவிய சத்தம் ஞாபகம் வந்தது. அதைச் சன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிட்டு, வேலியோரச் செடியில் இன்னொரு வெள்ளையைப் பறித்து வந்து மடித்தேன். சாமி என்று ஒருவன் இல்லையென்றால் இது ஏமாற்றே இல்லை. இருந்தால், அவன் செய்ய வேண்டிய வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் கணக்குச் சரி.

வண்டியில் அவளை முருகன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பூசை செய்கிற பண்டாரம் என்னைப் பார்த்ததும், "வாங்க டாக்டரு, வழி தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். தெய்வானை கும்பிட்டுக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. மொட்டை போட்டு வந்திருந்த ஒரு குட்டிப் பெண்ணைப் பண்டாரம் கூப்பிட்டார். அது இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தது. வெள்ளை.

மற்றதை நானே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து நானும் உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் நவநீதனுக்குப் போன் செய்து, பாடவில்லை என்று சொல்லிவிட்டாள்.

பின்னாலேயே போய்க் கேட்டேன். "ஏம்புள்ள, நேத்து வெள்ளைதான வந்துது? சம்மதம்னுதான அர்த்தம்?"

"நான் கேட்டது அதில்லீங்க. 'முருகா, இந்த ஆசைய விட்டுடட்டுமா'னு கேட்டேன். வெள்ளை குடுத்துட்டான். விட்டுடுனு சொல்லிப்போட்டான்." சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கொத்தமல்லியை ஆய ஆரம்பித்தாள்.

மாட்டுக்கு என்ன நோய் என்று கேட்காமல் மருந்து கொடுத்தவர்களை என் சர்வீசில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 14, சனி

அழுதால்கூடப் பரவாயில்லை. நிம்மதியாக இருக்கிறாள். எட்டரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறாள். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளிபோட்டுத் துலக்குகிறாள். கேட்டால், "மனசுல பாரம் இல்லீங்க" என்கிறாள். அந்தப் பாரத்தைத் திரும்பத் தூக்கி வைக்க நான் என்ன செய்வேன்?

பிப்ரவரி 17, செவ்வாய்

மிக்சி ஓடியது. வெறும் மிக்சி.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று வாதாடிப் பார்த்தேன். பூ எடுப்பது வெறும் தற்செயல், பாதிக்குப் பாதி வாய்ப்பு, இதை நம்பி ஒரு மனுஷி தன் ஆசையைக் கைவிடலாமா என்று பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பாதிக்குப் பாதினே இருக்கட்டுமுங்க. அதுல அவன் வந்து உக்கார எடமிருக்குதில்ல? அது போதும் எனக்கு."

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளை வைத்தவன் அவனுக்கு உட்கார இடமே வைக்கவில்லை.

இத்தனை வருடமாக அவள் நம்பிக்கையை நான் கேலிதான் செய்திருக்கிறேன், ஆனால் தடுத்ததில்லை. விரதம் இருந்தால் நானும் அன்றைக்குக் கறி கேட்டதில்லை. அவள் கோயிலுக்குள் போனால் செருப்புக்குக் காவல் நிற்பேன். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நான் புகுந்ததே கிடையாது. முதல்முறை புகுந்தது திருடனாக.

பிப்ரவரி 26, வியாழன்

ருக்மணியின் மருமகள் பாடப்போகிறாளாம். பாட்டைக் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டுக்கே வந்திருந்தாள். நல்ல பெண், நல்ல குரல். தெய்வானை தாளத்தை மட்டும் கையால் தட்டிக் காட்டினாள். "பாடிக் காட்டுங்க அத்தை" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "நீயே பாடு கண்ணு, நான் விட்டுட்டேன்" என்றாள். ஆனால் அந்தப் பெண் பாடப் பாட, இவள் உதடு சத்தமில்லாமல் கூடவே போயிற்று. ஆனையைக் கூப்பிட்ட இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் தோட்டத்துக்குப் போய் மரத்துக்குத் தண்ணீர் கட்டினேன். அதற்குக் காலையிலேயே கட்டியாகிவிட்டது.

நவநீதன் என்னைத் தெருமுனையில் நிறுத்தி, "இன்னும் ரெண்டு வாரம் பாப்பமுங்ண்ணா. அக்கா மனசு மாறுனா அவங்கதான்" என்றான்.

மார்ச் 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாடு ஆன பிறகு. முதலில் செடி வேலியைப் பற்றி ஆரம்பித்தேன், வெயிலைப் பற்றிச் சொன்னேன். "என்னமோ சொல்ல வந்தீங்க, சொல்லுங்" என்றாள். சொன்னேன். இரண்டும் வெள்ளை என்று. நீ பாட வேண்டும் என்பதற்காகத்தான் என்று.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டால் பார்ப்பார்களே, அப்படி.

"அவன் முன்னால நின்னு நான் அழுதேனுங்க. பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தீங்க."

"உனக்காகத்தான புள்ள..."

"அவன் கெழவனாட்ட வேசம் போட்டு வந்து ஏமாத்துனான். நீங்க கெழவனாவே இருந்துட்டு ஏமாத்திப்போட்டீங்க."

மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள் எழுந்து போய் வெளியில் காய்ந்த துணிகளை எடுத்தாள். என் வேட்டியை மட்டும் கொடியிலேயே விட்டுவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்

சோறு தட்டில் இருக்கிறது, மருந்து டம்ளர் பக்கத்தில் இருக்கிறது. பேச்சு இல்லை. மகன் ஓசூரிலிருந்து கூப்பிட்டான். "அப்பாகிட்ட குடும்மா" என்றான் போலிருக்கிறது. போனை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 6, வெள்ளி

அதேதான்.

மார்ச் 8, ஞாயிறு

பேசினாள். நான் அவளுக்குப் பிடிக்குமே என்று சந்தையில் பனங்கிழங்கு வாங்கிவந்து வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பாடோணும்னு உங்களுக்கு ஆசைங்களா?"

"ஆமா."

"அத எப்பவாச்சும் எங்கிட்டச் சொன்னீங்களா?"

நான் கிழங்கின் நாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல பாடிக் காட்டுனப்ப வேகமாப் போகுதுன்னீங்க. நவநீதன் கேட்டப்பத் தொண்டை அவளுதுன்னீங்க. குரல் கிழிஞ்சு வந்து நின்னப்பச் சுக்குத் தண்ணி போட்டுக் குடுத்தீங்க. ஒரு வார்த்தை, 'பாடு தெய்வான'னு உங்க வாயில வந்திருந்தா நான் எதுக்குங்க அங்க போயி அவன்கிட்ட நிக்கறேன்? உங்ககிட்டக் கேக்க முடியாததத்தான் அவன்கிட்டக் கேட்டேன். அதையும் நீங்களே நடுவுல பூந்து எடுத்துக்கிட்டீங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பாடு என்பது இரண்டெழுத்து. இன்னொரு கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். என் அப்பா என் அம்மாவிடம் அப்படி எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொல்லிப் பழகவில்லை. இதெல்லாம் சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிட்டேன். தெரியாது போலிருக்கிறது.

"சரி, அவன் இன்னும் பதிலே சொல்லுல" என்று எழுந்தாள். "செவ்வாக்கெழம மறுக்காக் கேக்கறேன். இந்தத் தடவ கேள்வியச் சத்தமாவே கேக்கறேன். பொட்டலம் நீங்கதான் மடிக்கோணும். என்ற கண்ணு முன்னால."

போகும்போது உரித்த கிழங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் எதிரில் உட்காரவைத்துக்கொண்டு மடிக்கச் சொன்னாள். ஒரு வெள்ளை. ஒரு சிவப்பு. காலமெல்லாம் மடித்த கைக்கு இரண்டு பொட்டலம் மடிக்க அத்தனை நேரம் ஆயிற்று.

கோயிலில் கூட்டம் இல்லை. பண்டாரம் பொட்டலங்களை வாங்கி வைத்தார். தெய்வானை கையைக் கூப்பிக்கொண்டு, அவருக்கும் எனக்கும் கேட்கும்படியே சொன்னாள். "முருகா, பங்குனி உத்தரத்துக்கு உன்ற மலையடியில நான் பாடட்டுமா?"

பள்ளிக்கூடம் போகிற வழியில் கும்பிட வந்த ஒரு சிறுமியைப் பண்டாரம் கூப்பிட்டார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று மனது அடித்துக்கொண்டது. யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எனக்கே என்று வைத்துக்கொள்வோம்.

சிறுமி எடுத்துக் கொடுத்தாள். பண்டாரம் பிரித்தார். சிவப்பு.

அவர் திருநீற்றுத் தட்டை நீட்டினார். தெய்வானை பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரிங் சாமி" என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையை இழுத்து மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"போலாமுங்க" என்றாள். "ருக்மணி மருமக நல்லாத்தான் பாடறா."

நான் செருப்பை மாட்டியிருந்தேன். கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாடு" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாடு தெய்வான. நான் சொல்றேன். அந்தப் பாட்டு வேகமாவும் போகுல, ஒண்ணும் போகுல. அத நீ மொத மொதல்ல பாடுனப்ப எனக்கு அழுகை வந்துருச்சு. கிழிஞ்சாக் கிழிஞ்சுட்டுப் போகுது. உன்ற குரல் எப்படியிருந்தாலும் எனக்கு வேணும். ஊட்ல அந்தச் சத்தம் இல்லாம என்னால முடியில."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெங்காயம்கூட உரிக்கவில்லை. படியேறி வந்த யாரோ எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

அவள் மடித்த முந்தானையைக் கையிலிருந்து விட்டாள். பிறகு, "சாமி வேண்டாங்குதுங்களே" என்றாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

"நீங்களா?" கண்ணில் தண்ணீரோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் இருக்கறான்னே நீங்க ஒத்துக்க மாட்டீங்க. அப்பறம் என்னத்தப் பேசுவீங்க?"

"அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. நீ பாடு."

வண்டியில் வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளமேடு ஒன்றும் இல்லாத இடத்திலும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நவநீதனுக்குப் போன் செய்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

மிக்சி இல்லாமல் பாடுகிறாள். நான் நாற்காலியைச் சமையலறை வாசலிலேயே போட்டுக்கொண்டேன். குரல் இறங்கியே இருக்கிறது. நவநீதன் சுருதியை அவளுக்குத் தக்கபடி குறைத்துக் கொடுத்திருக்கிறான். ஆனாலும் அந்த ஒரு வரியில் கிழிகிறது. நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "ம், மேல போ" என்பேன். இப்போது நன்றாகவே சொல்ல வருகிறது. இரண்டு மூன்று தடவை "நல்லாருக்குது" என்றுகூடச் சொல்லிவிட்டேன். "போதுமுங்க, திகட்டுது" என்கிறாள்.

ருக்மணியின் மருமகள், "நீங்களே பாடுங்கத்தை, நான் முன்வரிசையில ஆடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண் என்று முன்பே எழுதினேன்.

மார்ச் 24, செவ்வாய்

நானாகவே பச்சைப் பட்டுச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிவந்தேன். அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சிவப்பு வந்தது வந்ததுதானே. மைக் முன்னால் குரல் மொத்தமாகவே நின்றுபோனால்? சபையில் அவள் தலைகுனிந்தால்? அவன் வேண்டாம் என்று சொன்னதற்கு அதுதான் காரணமாக இருந்தால்? இல்லாத ஒருவன் சொன்ன சொல்லுக்கு இப்படிப் பயப்படுகிறவனை என்னவென்று சொல்வது? நம்புகிறவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். நம்பாதவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஏப்ரல் 1, புதன்

பங்குனி உத்திரம்.

மலையடிவாரம் முழுக்கச் சனம். பச்சைச் சேலையில் பெண்கள், வெள்ளை வேட்டியில் ஆண்கள், பெரிய பெரிய வட்டமாக நின்றார்கள். மேளம் தொடங்கியது. நவநீதன் கிழவன் வந்ததைப் பாடினான், யானை வந்ததைப் பாடினான். சனம் சிரித்தது. பிறகு மைக்கைத் தெய்வானை கையில் கொடுத்தான்.

நான் சவுண்ட் பாக்ஸ் பக்கத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தேடவில்லை. மலையைத்தான் பார்த்தாள்.

முதல் இரண்டு வரி தெளிவாக வந்தது. தாழ்ந்த குரல், ஆனால் கனமாக இருந்தது. மூன்றாவதும் வந்தது. ஆனையைக் கூப்பிட்ட இடத்தில், பயந்தபடியே, கிழிந்தது. மைக்கில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. ஆனால் பெண்கள் கைகொட்டுவதை நிறுத்தவில்லை. ருக்மணிதான் எல்லோரையும்விட ஓங்கிக் கொட்டினாள். தெய்வானை தொண்டையைச் செருமவில்லை, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிக்கவும் இல்லை. அதே வரியை இன்னொரு முறை எடுத்தாள். இன்னும் இறக்கி, கிட்டத்தில் நிற்கிற ஆளிடம் கேட்பதுபோல் கேட்டாள். அந்தக் கிழிசலும் கூடவே வந்தது. வள்ளி கேட்டிருந்தால் இந்தக் குரலில்தான் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. சிரித்துக்கொண்டிருந்த சனம் அடங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற ஒருவர், "ஆருங்க அது பாடறது?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அவள் அடுத்த அடியை எடுத்தாள். இன்னும் பாட்டு பாதிக்குமேல் இருந்தது. சாமியிடம் பேசிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அண்ணாந்து மலைமேல் கோயிலைப் பார்த்தேன். எப்படி ஆரம்பிப்பது, என்ன மரியாதையில் கூப்பிடுவது, ஒன்றும் தெரியவில்லை. கும்பிடக் கையும் எழவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

"நீ இருக்கறயோ இல்லையோ எனக்குத் தெரியாது. இருந்தாக் குறுக்க பேசாமக் கேளு. என்ற பொண்டாட்டி பாடறா."